அப்பளம் காயுற இடத்துக்கும் கட்டணமா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘தொழில் உரிமக் கட்டணமும் நமது குழுக்களும்’. தலைப்பைக் கேட்டதுமே பின்வரிசையில் நாலு பேர் சாப்பாட்டு நேரம் ஆச்சான்னு பார்க்கிறது இங்கேயிருந்து நல்லாத் தெரியுது. பரவாயில்லை. ஆனா ஒண்ணு செய்யுங்க. நம்ம கூட்டமைப்பில் தொழில் செய்கிற குழுக்கள் வீட்டுக்குப் போனதும் ரொக்கப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்க. வருஷத்தில் ஒரு இடத்தில் ‘நகராட்சிச் செலவு’ன்னு ஒரு வரி இருக்கும். பக்கத்தில் ஒரு தொகை இருக்கும். எதுக்குக் கட்டினோம், எந்தக் கணக்கில் அந்தத் தொகை வந்ததுன்னு எழுதியிருக்காது. எழுதின அக்காவைக் கேட்டா, “கேட்டாங்க, கட்டினோம்”னு சொல்லுவாங்க. அஞ்சு ரூபாய் டீச் செலவுக்குக்கூட வவுச்சர் கேட்கிற நாம, இதுக்கு மட்டும் கேட்கிறதில்லை. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நான் பத்தாவது வரை படிச்சவ. சட்டம் தெரிஞ்சவ இல்லை. எங்க குழுவுக்கு வந்த ஒரு நோட்டீசுக்காக ஆறேழு தடவை அலுவலகத்துக்கு நடந்ததில் கொஞ்சம், பயிற்சிக்கு வந்த வக்கீல் அம்மா சொல்லிக்கொடுத்ததில் கொஞ்சம், அப்படித் தெரிஞ்சுக்கிட்டதுதான்.

எங்க குழு மிளகாய்த்தூள், மல்லித்தூள், குழம்புப்பொடி, அப்பளம், வடகம் போடுறது உங்களுக்குத் தெரியும். மதி கடைக்கும் கொடுக்கிறோம், சந்தையிலும் விற்கிறோம். ஊருக்குள்ள மும்முனை கரண்டும் இடமும் சேர்ந்து கிடைக்காததால, டவுன் எல்லைக்குள்ள ஒரு பழைய காரை வீட்டை வாடகைக்குப் பிடிச்சிருக்கோம். முன்னால ஒரு ரூம், 12-க்கு 10. அதில் மாவு பிசையுறது, தேய்க்கிறது, பாக்கெட் போடுறது. பக்கத்து ரூம் 10-க்கு 9. அதில் அரைக்கிற மிஷின். பின்னால ஒரு முற்றம், மேலே மொட்டை மாடி. அவ்வளவுதான் எங்க கம்பெனி.

வந்த நோட்டீஸில் தொழில் நடக்கும் இடம் 900 சதுர அடின்னு போட்டிருந்தது. எங்க ஆட்களுக்கு நம்ப முடியலை. தையல் குழு அக்காவோட இஞ்ச் டேப்பை வாங்கிட்டு வந்து, அந்த அஞ்சடி டேப்பை மாத்தி மாத்தி வச்சு, நாங்களே அளந்தோம். ரெண்டு ரூமும் சேர்த்து 210 சதுர அடி. முற்றம் 210. மாடி 480. கூட்டினா 900 சரியா வருது. அளந்தவங்க தப்பா அளக்கலை. அப்பளமும் வடகமும் மிளகாயும் காயுற இடத்தையெல்லாம் தொழில் நடக்கிற இடம்னு சேர்த்துட்டாங்க.

எங்க வீட்டுக்கு எதிர்த்தாப்ல ஒரு செல்போன் கடை இருக்கு. 10-க்கு 8, மொத்தமே 80 சதுர அடி. ஏசி, கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க போன். அவங்க ஒரு நாளைக்கு விற்கிறதை நாங்க ஒரு மாசத்துக்கு விற்போமாங்கிறது சந்தேகம். அவங்க உழைப்பை நான் குறை சொல்லலை, அந்தத் தம்பி ராத்திரி பத்து மணி வரைக்கும் நிற்கிறாரு. ஆனா சதுர அடியை வச்சுக் கட்டணம் போட்டா, அந்தக் கடையைப் போல பதினோரு பங்குக்கு மேல நாங்க பெரிய தொழில் ஆகிடுறோம்.

இதை யோசிச்சுப் பார்த்தப்பத்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சது. பொம்பளைங்க செய்யுற தொழிலில் நிறைய, இடம் அதிகமாத் தின்னும், காசு கொஞ்சமாத் தரும். வடகம் போட வெயில் வேணும், வெயில் விழ இடம் வேணும். பாய் பின்னுறவங்களுக்குக் கோரையைக் காயப் போடணும், தறியை நீளமா விரிக்கணும். கயிறு திரிக்கிறவங்களுக்கு மரத்தடியில் நீள வாக்கில் இடம் வேணும், ராட்டை ஒரு முனையில் இருக்கும், திரிக்கிறவங்க பின்னாலயே நடந்து போயிட்டு இருப்பாங்க. மண்பாண்டம் செய்யுறவங்களுக்கு வாசல் முழுக்க பானை. ஊதுபத்தி உருட்டினா அதையும் காய வைக்கணும். நகைக்கடைக்கும் போன் கடைக்கும் இதெல்லாம் தேவையில்லை. அப்போ சதுர அடிங்கிறது எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் மாதிரி தெரிஞ்சாலும், நம்ம மேலதான் கனமா விழுது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, குழப்பத்தைத் தீர்த்துடுறேன். ஏன்னா அலுவலகத்தில் நான் முதல் நாள் போனப்போ எங்க கையில் நாலு விதமான ரசீது இருந்தது, எது எதுக்குன்னு தெரியாம எல்லாத்தையும் ஒரே மஞ்சப்பையில் போட்டுக் கொண்டு போயிருந்தோம்.

சொத்து வரி கட்டிடத்துக்கு. அதைக் கட்ட வேண்டியது வீட்டுக்காரர். தொழில் வரிங்கிறது வேற, அது ஒரு ஆள் சம்பாதிக்கிறதைப் பார்த்து அரையாண்டுக்கு ஒரு தடவை போடுறது. சம்பளக்காரங்களுக்கும் உண்டு, டீச்சர் சம்பளத்தில் பிடிக்கிறாங்களே, அதுதான். அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய்க்குள் இருந்தா அந்த வரி கிடையாது. மூணாவது, உணவுப் பாதுகாப்புப் பதிவு. திங்கிற பொருள் செய்யுற குழுக்கள் பாக்கெட்டில் 14 இலக்க எண் போடுறோமே, அது. 2011-ல் வந்த விதியில், வருஷத்துக்கு 12 லட்சம் ரூபாய் வரைக்கும் விற்கிற சின்னத் தொழிலுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் பதிவுக் கட்டணம்னு வச்சாங்க. நாலாவதுதான் இன்னைக்கு நம்ம பேசுற தொழில் உரிமம். இந்த இடத்தில் இந்தத் தொழிலைச் செய்யலாம்னு உள்ளாட்சி கொடுக்கிற அனுமதி.

இந்த உரிமத்துக்குப் பழைய பேரு ஒண்ணு இருக்கு. அலுவலகத்தில் இன்னும் ‘டி அண்ட் ஓ’ன்னுதான் சொல்றாங்க. அபாயகரமான, அருவருப்பான தொழில்களுக்கான உரிமம்னு அர்த்தமாம்! 1920-ல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் இருந்து வர்ற பேரு. தோல் பதனிடுறது, வெடிமருந்து வைக்கிறது, எண்ணெய் காய்ச்சுறது, இதனால பக்கத்து வீட்டுக்காரருக்குத் தீ, நாத்தம், நோய் வரக்கூடாதுன்னு பார்க்கிறதுக்காக வச்சது. நியாயமான காரணம்தான். எங்க மிஷினில் மிளகாய் அரைக்கும்போது தெருவே தும்முது, அதை நான் மறைக்க முடியாது. நம்ம மாநிலத்தில் 2023 ஏப்ரலில் இருந்து மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கு. கிராமத்துக்கு 1994-ல் வந்த ஊராட்சிகள் சட்டம். அதிலும் 159, 160-ஆம் பிரிவுகளில் தொழில் உரிமமும் மிஷின் போட அனுமதியும் இருக்கு. அதனால ‘நாங்க கிராமம், எங்களுக்கு இது வராது’ன்னு யாரும் நினைக்காதீங்க. 2024 கடைசியில் பல ஊராட்சிகளைப் பக்கத்து நகராட்சி, மாநகராட்சிகளோடு சேர்க்கிறதா அரசு அறிவிச்சப்போ நூறு நாள் வேலை போயிடுமேன்னுதான் எல்லாரும் கவலைப்பட்டோம். உரிமக் கட்டணமும் ஊர் மாறும்போது மாறும்.

வக்கீல் அம்மா சொன்னதில் என் மனசில் நின்றது இது. வரி வேற, கட்டணம் வேற. வரின்னா அரசாங்கம் பொதுச் செலவுக்கு வாங்குறது, இதுக்கு என்ன திருப்பித் தர்றேன்னு கேட்க முடியாது. கட்டணம்னா அதுக்குப் பதிலா ஒரு வேலை நடக்கணும். 1954-ல் சீரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தை விளக்கிச் சொல்லியிருக்கு. நம்ம பழைய சென்னை மாகாணத்தில் இருந்து போன வழக்குதான் அது. அதுக்கப்புறம் வந்த தீர்ப்புகளில், காசுக்குக் காசு சரியா இருக்கணும்னு கட்டாயமில்லை, ஆனா வாங்குறதுக்கும் செய்யுறதுக்கும் ஒரு தொடர்பு இருக்கணும்னு சொல்லியிருக்காங்களாம்.

இதைக் கேட்டதும் நான் எங்க முற்றத்தை நினைச்சேன். ஆய்வாளர் வந்து எங்க மிஷினைப் பார்க்கிறாரு, ஒயரைப் பார்க்கிறாரு, தண்ணி எங்கே போகுதுன்னு பார்க்கிறாரு. அதுக்கு நேரம் ஆகுது, அதுக்குக் கட்டணம் கொடுக்கிறோம். மாடியில் வடகம் காயுது. அதைப் பார்த்துக்க காக்காய் விரட்ட ஒரு பாட்டி இருக்கு. நகராட்சிக்கு அங்கே என்ன வேலை?

சரி, மற்ற ஊரில் எப்படிப் போடுறாங்கன்னு பார்ப்போம். என் கொழுந்தனார் ஹைதராபாத்தில் ஒரு பேக்கரியில் மாஸ்டரா இருக்காரு. அவர்கிட்ட கேட்டேன், அவங்க முதலாளிகிட்ட விசாரிச்சுச் சொன்னாரு. அந்த மாநகராட்சியில் கடையோட அளவையும் பார்க்கிறாங்க, கடை இருக்கிற ரோட்டோட அகலத்தையும் பார்க்கிறாங்க. 20 அடிக்குக் குறைஞ்ச தெருன்னா சதுர அடிக்கு 3 ரூபாய். 20-லிருந்து 30 அடி ரோடுன்னா 4 ரூபாய். அதுக்கு மேல அகலமான ரோடுன்னா 6 ரூபாய். பெரிய ரோட்டில் வியாபாரம் அதிகம்கிற எண்ணத்தில் வச்சது. நல்ல எண்ணம்தான். ஆனா அந்தக் கணக்கை நம்ம தெருவுக்குப் போட்டுப் பார்த்தேன். செல்போன் கடை அகலமான மெயின் ரோட்டில் இருக்கிறதாவே வச்சுக்குவோம். 80 சதுர அடிக்கு ஆறு ரூபாய், 480. நாங்க சந்துக்குள்ள இருக்கோம், மூணு ரூபாய்தான். ஆனா 900 சதுர அடின்னு எழுதினா 2,700. ரெண்டு ரூமை மட்டும் எழுதினா 630. ரேட்டு அதேதான், அளக்கிற எல்லை மாறும்போது தொகை நாலு மடங்குக்கு மேல மாறுது. அதனாலதான் சொல்றேன், ஒரு சதுர அடிக்கு எத்தனை ரூபாய்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி, எதை அளக்கிறாங்கன்னு கேட்கணும்.

டெல்லி மாநகராட்சி 2025-ல் வேற மாதிரி மாத்தினாங்க. பொதுத் தொழில் உரிமத்துக்குன்னு தனியா விண்ணப்பம் வேண்டாம், சொத்து வரியில் 15 சதவீதத்தைச் சேர்த்துக் கட்டினாப் போதும்னு சொன்னாங்க. அலைச்சல் மிச்சம், ஒரு மேசை குறையும், நடுவில் நிற்கிற புரோக்கருக்கும் வேலை இல்லை. ஆனா சொந்தக் கட்டிடம் வச்சிருக்கிறவங்களுக்குத்தான் அது சுகம். நம்மளை மாதிரி வாடகைக்கு இருந்தா, வரி ரசீது வீட்டுக்காரர் கையில். “வரி கூடிருச்சும்மா, வாடகையில் இருநூறு சேர்த்துக் கொடு”ன்னு சொன்னா, எவ்வளவு கூடினதுன்னு நாம பார்க்கவா முடியும்? எனக்கு அந்த முறையில் பெரிய நம்பிக்கை இல்லை.

மிஷின் வச்சிருக்கிற தொழிலுக்கு மோட்டாரோட எச்.பி.யைப் பார்க்கிற வழக்கமும் ரொம்ப நாளா இருக்கு. எங்க அரவை மிஷின் 5 எச்.பி. வாரத்தில் மூணு நாள், நாளைக்கு ரெண்டு மணி நேரம் ஓடினா அதிகம். பெரிய மாவு மில்லிலும் 5 எச்.பி. மோட்டார் இருக்கும், காலையில் போட்டா ராத்திரிதான் நிறுத்துவாங்க. எச்.பி. மோட்டாரோட பலத்தைச் சொல்லும், அது சம்பாதிக்கிறதைச் சொல்லாது.

அப்போ விற்பனையை வச்சுப் போடலாமேன்னு நம்ம பொருளாளர் அக்கா ஒரு கூட்டத்தில் கேட்டாங்க. உணவுப் பதிவில் அப்படித்தானே 12 லட்சம்னு எல்லை வச்சாங்கன்னு. நான் முதல்ல சரின்னுதான் சொன்னேன். ஏன்னா கணக்குக் காட்ட நமக்குப் பயமில்லை. 1989-ல் தருமபுரியில் குழுக்கள் ஆரம்பிச்ச காலத்தில் இருந்து நம்ம மாநிலத்துக் குழுக்கள் எழுதுற புத்தகம் எத்தனை! ரொக்கப் புத்தகம், பேரேடு, தீர்மானப் புத்தகம், சேமிப்பு, கடன்னு தனித்தனியா. பெரிய பெரிய கடைக்காரங்ககிட்டகூட இத்தனை புத்தகம் இருக்காது. ஆனா எங்க மதினி ஒரு கேள்வி கேட்டாங்க. அவங்க மளிகைக் கடை வச்சிருக்காங்க. “ஒரு மூட்டை சர்க்கரை வித்தா என் கையில் நிற்கிறது கொஞ்சம்தான். தையல்காரி ஜாக்கெட் தைச்சா அவ வாங்குற கூலியில் பெரும்பங்கு அவளுக்கு. விற்பனையை மட்டும் பார்த்தா நான் பணக்காரி, அவ ஏழை. அது சரியா?” சரியில்லைதான். அந்தக் கேள்விக்கு அன்னைக்கு எங்களால பதில் சொல்ல முடியலை. இன்னமும் முழுசாப் பதில் இல்லை.

வருமானத்தைப் படிப்படியாப் பிரிச்சுப் போட்டா எல்லாம் சரியாகிடும்னும் நினைக்க வேண்டாம். தொழில் வரியில் அப்படித்தான் படி வச்சிருக்காங்க. சென்னை மாநகராட்சியில் 2024-ல் அதை உயர்த்தினப்போ என்ன ஆச்சு பாருங்க. அரையாண்டில் 21,000-க்கு மேல 30,000 வரை சம்பாதிக்கிறவங்களுக்கு 135 ரூபாய் இருந்தது 180 ஆச்சு. 45,000 வரைக்கும் 315 இருந்தது 430. 60,000 வரைக்கும் 690 இருந்தது 930. அதுக்கு மேல சம்பாதிக்கிற ரெண்டு படிக்கும் ஒரு ரூபாய்கூட ஏறலை. பழைய 1,025-ம் 1,250-ம் அப்படியே. ஏன்னு கேட்டா, ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல தொழில் வரி வாங்கக்கூடாதுன்னு அரசியல் சட்டத்திலேயே இருக்கு. 1988-ல் திருத்தி வச்ச உச்சவரம்பு அது. உச்சப்படியில் இருக்கிறவங்க அந்தக் கூரையை எப்பவோ தொட்டுட்டாங்க. வருமானம் கூடணும்னா மாநகராட்சி கீழ்ப்படியில் நிற்கிறவங்ககிட்டதான் கேட்க முடியும். மாசம் நாலாயிரம் ஐயாயிரம் சம்பாதிக்கிறவங்களுக்கு மூணில் ஒரு பங்கு ஏறுது, லட்ச ரூபாய் சம்பளக்காரருக்கு ஏறலை. இதில் யாரும் ஊழல் செய்யலை, சட்டத்தை மீறவும் இல்லை. கணக்குப் போடுற முறையிலேயே அது இருக்கு. முறையைப் படிச்சாத்தான் தெரியும்.

எங்க நோட்டீஸ் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. எந்த ஊரு அலுவலகம்னு இங்கே சொல்ல வேண்டாம், எல்லா ஊரிலும் நல்லவங்களும் இருக்காங்க. முதல் மூணு தடவை போனப்போ “சார் ஃபீல்டுக்குப் போயிருக்காரு”. வாசலில் நின்ன ஒரு அண்ணாச்சி, “என்கிட்ட கொடுங்கம்மா, செலவோட முடிச்சுத் தர்றேன்”னாரு. நாங்க கொடுக்கலை. நாலாவது தடவை, குழுவில் பத்துப் பேரும் போனோம். நாங்க அளந்து வரைஞ்ச படத்தை, எது ரூம், எது முற்றம், எது மாடின்னு மூணு நிறத்தில் பிள்ளைகளோட ஸ்கெட்ச் பேனாவில் வரைஞ்சது, மனுவோட வச்சுக் கொடுத்தோம். மனு வாங்கினதுக்கு ஒப்புகை கேட்டோம். அந்த ஒப்புகைக்குத்தான் ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருந்தது.

பிறகு மறுபடி அளக்க வந்தாங்க. மாடியைக் கழிச்சுட்டாங்க. முற்றத்தைக் கழிக்கலை. “மேலே தகரம் போட்டிருக்கீங்களே, கூரை இருந்தா அது கட்டிடம்”னுட்டாரு. மழைக்கு மிளகாய் நனையக்கூடாதுன்னு போட்ட தகரம்! எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். அவரும் மரியாதையாத்தான் பேசினாரு. “அம்மா, ரேட்டை நான் போடலை. மன்றத்தில் தீர்மானம் போட்டு வர்றது. காயப்போடுற இடத்துக்கு விலக்குன்னு தீர்மானத்தில் ஒரு வரி இருந்தா நான் எழுதாம விட்டுருவேன். இல்லாத வரியை நான் எப்படி எழுதறது?”ன்னாரு. கடைசியில் 420 சதுர அடின்னு முடிஞ்சது. தொகை பாதிக்கும் கீழே இறங்கினது. முற்றத்துக்கு இன்னும் கட்டிக்கிட்டுத்தான் இருக்கோம்.

அவர் சொன்ன அந்த ஒரு வரிக்காகத்தான் நான் இந்த மேடையில் நிற்கிறேன். அந்த வரியை யார் எழுதுவாங்க? மன்றத்தில் உட்கார்ந்திருக்கிற உறுப்பினர்கள். நம்ம மாநிலத்தில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்குன்னு 2016-ல் சட்டம் செஞ்சிருக்காங்க. அந்த உறுப்பினர்களில் பல பேர் நம்ம குழுக்களில் இருந்தே போனவங்க. கட்டணம் ஏத்துற தீர்மானம் அவங்க முன்னாலதான் வருது. அவங்களுக்கும் வடகம் போடத் தெரியும். ஆனா யாரும் போய்ச் சொல்லாம அவங்களுக்கு எப்படி ஞாபகம் வரும்?

2025-ல் கிராமத்துக் கடைகளுக்கும் உரிமம் கட்டாயம்னு செய்தி வந்தப்போ எவ்வளவு பரபரப்பு ஆச்சுன்னு நினைச்சுப் பாருங்க. வணிகர்கள் பேசினாங்க, கட்சிக்காரங்க பேசினாங்க. எதிர்ப்பு வந்ததும் அரசு அதை நிறுத்தி வச்சது. அந்தச் சத்தத்தில் டீக்கடை பேரு வந்தது, பெட்டிக்கடை பேரு வந்தது. வீட்டுத் திண்ணையில் அப்பளம் தேய்க்கிறவங்க பேரு வந்ததா எனக்கு ஞாபகம் இல்லை. நிறுத்தி வச்சது ஒரு நாள் மறுபடி வரலாம். வரட்டும், கட்டணமே வேண்டாம்னு நான் சொல்லமாட்டேன். தெருவிளக்கும் சாக்கடையும் குப்பை வண்டியும் நமக்கும் வேணும். எங்க மிஷின் ஒயரை வருஷத்துக்கு ஒரு தடவை ஒருத்தர் வந்து பார்க்கிறது எங்களுக்கும் நல்லதுதான்.

நம்ம கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசிப் பேசி, என்ன கேட்கலாம்னு கொஞ்சம் தெளிவாகியிருக்கோம். காயப்போடுற இடம், மூலப்பொருள் குவிக்கிற திறந்தவெளி, இதெல்லாம் அளவில் வரக்கூடாது, தகரம் போட்டிருந்தாலும் சரி. குறிப்பிட்ட விற்பனைக்குக் கீழே இருக்கிற தொழிலுக்கு, அது அப்பளமோ மளிகையோ, அளக்காம ஒரே சின்னத் தொகை வாங்கட்டும், உணவுப் பதிவுக்கு 100 ரூபாய் வச்ச மாதிரி. எங்க மதினி கேட்ட கேள்விக்கு இது பாதி பதிலாவது ஆகும். அப்புறம், சீசன் தொழில். பொங்கலுக்குப் பானை செய்யுறவங்க, தீபாவளிக்குப் பலகாரம் போடுறவங்க ரெண்டு மாசம்தான் தொழில் செய்யுறாங்க. உரிமம் ஏப்ரலில் இருந்து மார்ச் வரைக்கும்கிறதால ஜனவரியில் எடுத்தாலும் மார்ச்சில் முடிஞ்சு போகுது. தொழில் வரி மாதிரி இதையும் அரையாண்டாப் பிரிச்சா என்ன? குழுவா எடுத்தாலும் தனி ஆளா எடுத்தாலும் ஒரே இடத்துக்கு ஒரே உரிமம்தான்னு தெளிவா எழுதணும். ரசீதில் அளவு, ரேட்டு, மொத்தம் மூணையும் தனித்தனியா அச்சடிக்கணும். கடைசியா சொன்னதுக்குச் செலவே இல்லை, ஆனா அதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது.

தள்ளுவண்டி, தரைக்கடை போடுற அக்காமாருக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குத் தனிச் சட்டமே இருக்கு, 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம். நகர விற்பனைக் குழுன்னு ஒண்ணு அமைக்கணும், அதில் நூற்றுக்கு நாற்பது இடத்துக்குக் குறையாம வியாபாரிகளே இருக்கணும், அந்த நாற்பதில் மூணில் ஒண்ணு பெண்கள் இருக்கணும்னு எழுதியிருக்கு. கடைக்காரங்களுக்கே கிடைக்காத நாற்காலி அது. நம்ம டவுனில் அந்தக் குழுவில் யார் யார் இருக்காங்கன்னு விசாரிங்க.

இப்போ வேலையைச் சொல்லிடுறேன். சாப்பாடு முடிஞ்சதும் பந்தலுக்கு வலது பக்கம், தண்ணித் தொட்டிகிட்ட ஒரு மேசை போட்டிருக்கோம். தொழில் செய்யுற குழுக்கள் எல்லாம், போன வருஷமும் இந்த வருஷமும் கட்டின உரிம ரசீதை அங்கே காட்டுங்க. கொண்டு வராதவங்க அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. நான் ஒரு நோட்டு வச்சிருக்கேன். குழுவின் பேரு, தொழில், ரசீதில் எழுதின அளவு, நிஜமா தொழில் செய்யுற ரூமோட அளவு, காயப்போடுற இடம், கட்டின தொகை, இவ்வளவுதான் எழுதப்போறேன். அளந்தது இல்லைன்னா வெட்கப்படாதீங்க, தையல் அக்கா டேப்போட உட்கார்ந்திருப்பாங்க, எடுத்துட்டுப் போய் அளந்துட்டுத் திருப்பிக் கொடுங்க. ஊராட்சி எல்லைக்குள்ள இருக்கிற குழுக்கள் அடுத்த கிராம சபையில் இதைப் பேசலாம். வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கு. டவுனுக்குள்ள இருக்கிறவங்களுக்குப் பகுதி சபை இருக்கு. நோட்டு நிறைஞ்சதும், நகராட்சி அடுத்த பட்ஜெட் போடுறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு வார்டு உறுப்பினர் அம்மாவையும் அவங்க வீட்டிலேயே போய்ப் பார்க்கிறதா முடிவு செஞ்சிருக்கோம். வெறுங்கையோட போகப்போறதில்லை, ஆளுக்கு ஒரு பாக்கெட் அப்பளம் கொண்டு போறோம். அது லஞ்சம் இல்லீங்க, எதைப் பத்திப் பேச வந்திருக்கோம்னு காட்டுறதுக்கு.

மதி கடையில் வேலை செய்யுற தங்கச்சி அங்கே பின்னாலிருந்து கைகாட்டுது, சாம்பார் வந்திருச்சாம்.